அந்தாண்ட ஊர்: எல்லையோர மருத்துவமனை ஒன்றின் நிகழ்வு ஆய்வு

புறநோயாளிச் சீட்டு எழுதும் ஜன்னலில் கேட்பது மூன்றே கேள்விகள்: பேர், வயசு, ஊர். முதல் இரண்டுக்கும் பதில் சட்டென்று வந்துவிடும். மூன்றாவதற்கு மட்டும் சிலர் ஊர்ப்பெயரைச் சொல்வதற்கு முன்னால் “அந்தாண்ட” என்று ஒரு சொல்லைச் சேர்த்துக்கொள்வார்கள். அந்தாண்ட என்றால் சாலைக்கு அந்தப் பக்கம், சில இடங்களில் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், இன்னும் சில இடங்களில் ஒரே தெருவின் எதிர்வரிசை. மொத்தத்தில் அது தமிழ்நாடு, கடலூர் மாவட்டம். சீட்டு எழுதுகிறவர் தலை நிமிராமல் எழுதிக் கொடுத்துவிட்டு அடுத்தவரைக் கூப்பிடுவார்.

இந்த ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது, புதுச்சேரியின் தெற்குக் கொம்யூன்களில் (உள்ளாட்சிப் பிரிவுகளில்) கடலூர் எல்லையை ஒட்டி இயங்கும் ஓர் அரசுக் கிராமப்புற மருத்துவமனை. ஊரின் பெயரையும் பணியாளர்களின் பெயர்களையும் எழுதவில்லை. கொம்யூன்கள் ஐந்தே உள்ள சிறிய நிலப்பரப்பில் படுக்கைகளின் எண்ணிக்கையைச் சொன்னால்கூட உள்ளூர்க்காரர் இடத்தைக் கண்டுபிடித்துவிடுவார் என்பதால், அதன் தரநிலையையும் சொல்லாமல் ‘மையம்’ என்றே குறிப்பிடுகிறேன். தமிழ்நாட்டில் சுகாதாரத்துறை என்று வழங்குவது புதுச்சேரியில் நலவழித்துறை. எல்லை தாண்டியவுடன் பெயர்ப்பலகையின் தமிழும் மாறிவிடுகிறது, உள்ளே இருக்கும் நோய்கள்தாம் மாறுவதில்லை.

என் வாதம் ஒன்றுதான். இத்தகைய மருத்துவமனைக்கு யார் வருவார்கள் என்பதைப் பேருந்துத் தடமும், இரவில் திறந்திருக்கும் கதவும், தாய்வீடு இருக்கும் திசையும் தீர்மானிக்கின்றன. ஆனால் அதற்கு வேண்டிய ஆளையும் மருந்தையும் படுக்கையையும் வருவாய்த்துறையின் வரைபடத்தைப் பார்த்தே ஒதுக்குகிறார்கள். சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை மையம், 30,000 பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம், 1,20,000 பேருக்கு முப்பது படுக்கைகளுடன் ஒரு சமுதாய சுகாதார மையம் என்பது நாடு முழுவதற்குமான கணக்கு. அந்தக் கணக்கில் அந்தாண்ட ஊர்க்காரருக்கு இடமில்லை. அவர் வேறொரு மாநிலத்தின் கணக்கில் ஏற்கெனவே எண்ணப்பட்டுவிட்டவர்.

நிலமும் மையமும்

புதுச்சேரியிலிருந்து கடலூருக்குப் பேருந்தில் போகிறவர்களுக்கு எல்லை எளிமையாகத்தான் தெரியும். தவளக்குப்பம், கிருமாம்பாக்கம், கன்னியக்கோயில் கடந்து முள்ளோடையில் மதுக்கடைகளின் வரிசை முடிந்தால் புதுச்சேரி முடிந்தது. அப்புறம் ரெட்டிச்சாவடி, தென்பெண்ணைப் பாலம், கடலூர். பிரதான சாலையை விட்டு மேற்கே மடுகரை, தூக்கணாம்பாக்கம் பக்கம் திரும்பினால் இந்த எளிமை போய்விடும். பிரெஞ்சுக்காரர்களும் ஆங்கிலேயர்களும் மாறி மாறிப் பிடித்தும் விட்டுக்கொடுத்தும் வந்ததன் மிச்சமாக, புதுச்சேரியின் நிலம் ஒன்றோடொன்று ஒட்டாத துண்டுகளாகத் தமிழ்நாட்டுக்குள் சிதறிக் கிடக்கிறது. 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் கூடிய 178 பிரதிநிதிகளில் 170 பேர் இந்தியாவோடு இணைய வாக்களித்து, நவம்பர் 1 அன்று ஆட்சி கைமாறி, 1962 ஆகஸ்ட் 16 அன்று அது சட்டப்படி உறுதியான பிறகும் அந்தத் துண்டுகள் துண்டுகளாகவே நீடித்தன.

பிரெஞ்சு ஆட்சி 1823இலேயே புதுச்சேரி நகரில் ஒரு மருத்துவப் பள்ளியைத் தொடங்கியது. இன்றைய ஜிப்மர் மருத்துவமனையின் வேர் அதுதான். 1956இல் தன்வந்திரி மருத்துவக் கல்லூரி என்று பெயர் மாறி, 1964இல் ஜவாஹர்லால் நேருவின் பெயரைப் பெற்று, 2008இல் நாடாளுமன்றச் சட்டத்தின் வழியே தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமானது. நகரில் இத்தனை பழைய மருத்துவ மரபு இருந்தும் கொம்யூன்களுக்கு வந்து சேர்ந்தது வெகுகாலம் வரை ஒரு டிஸ்பென்சரி அளவுக்குத்தான். எழுபது வயதைக் கடந்தவர்களிடம் மையத்தைப் பற்றிக் கேட்டால் டாக்டரைவிடக் கம்பவுண்டரைத்தான் முதலில் சொல்கிறார்கள். வீட்டிலிருந்து கழுவிய காலி சீசாவைக் கொண்டுபோக வேண்டும். கம்பவுண்டர் அதில் சிவப்புத் தண்ணி மருந்தை ஊற்றி, காகிதத்தை நீளவாக்கில் கிழித்து, ஓரத்தைப் பல்பல்லாக வெட்டிச் சீசாவின் பக்கத்தில் ஒட்டிக் கொடுப்பார். ஒரு பல் ஒரு வேளை. எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் அளவு தப்பாது. இன்று கவரின் மேல் பேனாவால் எழுதித் தரும் ‘1-0-1’ அந்தப் பல் காகிதத்தின் அளவுக்கு எல்லோருக்கும் புரிகிறதா என்பது சந்தேகம்தான்.

கட்டடம் பெரிதான கதை பிற மாநிலங்களின் கதைதான். 1946இல் ஜோசப் போர் தலைமையிலான குழு சொன்னது, 1952இல் சமுதாய வளர்ச்சித் திட்டத்தோடு ஆரம்ப சுகாதார நிலையங்கள் தொடங்கியது, 2005இல் தேசிய ஊரக நலவாழ்வுத் திட்டத்தின் பணம் வந்தது என்று போகும் அந்த வரிசையை இங்கே விரிக்கத் தேவையில்லை. மையத்துக்கு ஊரில் மதிப்பைத் தேடித் தந்தவை இரண்டு வீட்டுவாசல் வேலைகள் என்பதே என் கணிப்பு. ஒன்று, யானைக்கால் நோய்க்கான இரவு ரத்தப் பரிசோதனை. அந்நோயின் நுண்புழுக்கள் ரத்த ஓட்டத்தில் மேலெழுவது இரவில்தான் என்பதால், ஊர் உறங்கிய பிறகு லாந்தரோடும் கண்ணாடித் தகடுகளோடும் வந்து கதவைத் தட்டியவர்களைப் பெரியவர்கள் இன்றும் நினைவு வைத்திருக்கிறார்கள். 1975இல் புதுச்சேரியில் கொசுவழி நோய்களுக்கான ஆராய்ச்சி மையம் அமைந்ததற்கு இந்தப் பகுதியின் யானைக்கால் சுமைக்கும் பங்குண்டு. இன்னொன்று தொழுநோய். 1983இல் கூட்டு மருந்துச் சிகிச்சை நாட்டுக்குள் வந்த பிறகுதான், மாத்திரை அட்டையோடு வந்து நிற்கும் பணியாளரை வாசலோடு திருப்பி அனுப்பாமல் உட்காரச் சொன்னார்கள். இரவில் ரத்தம் எடுத்தவர்களும் மாத்திரை அட்டை கொண்டுவந்தவர்களும் எல்லை பார்த்து நடந்ததாக யாரும் சொல்லவில்லை. கொசுவும் பார்க்கவில்லை.

இரவுக் கதவு

மையத்தின் பலகையில் சேவைகள் வரிசையாக எழுதப்பட்டிருக்கின்றன. பிரசவம், தடுப்பூசி, சர்க்கரை, ரத்த அழுத்தம், காசநோய், ஆய்வகம் என்று அது நீளும். அந்தாண்ட ஊர்க்காரர்களிடம் ஏன் இங்கே வருகிறீர்கள் என்று கேட்டால் இவற்றில் ஒன்றையும் முதலில் சொல்வதில்லை. “ராத்திரி ஆள் இருப்பாங்க” என்பதே முதல் பதில். நான் அங்கே உட்கார்ந்திருந்த இரவுகளில் ஒன்றின் நிகழ்வை இங்கே விரிவாகப் பதிவு செய்கிறேன். மையத்தின் இயக்கம் முழுவதும் அதற்குள் இருக்கிறது.

இருட்டிய பிறகு வரப்பில் புல்லறுத்துக்கொண்டிருந்த, நாற்பது வயது மதிக்கத்தக்க பெண்ணைக் கணவரும் மைத்துனரும் பைக்கில் நடுவில் உட்கார வைத்துக் கூட்டிவந்தார்கள். வலது பாதத்தில் கடி. முழங்காலுக்குக் கீழே தாம்புக்கயிற்றால் இறுக்கிக் கட்டியிருந்தார்கள். கட்டுக்குக் கீழே கால் கறுத்துப் புடைத்திருந்தது. பின்னால் இன்னொரு வண்டியில் வந்த இளைஞர் அடித்த பாம்பை உரச்சாக்கில் போட்டுக் கொண்டுவந்திருந்தார்.

“எந்த ஊரு?” என்று கேட்டார் செவிலியர்.

“அந்தாண்ட சிஸ்டர், ரோட்டுக்கு அந்தாண்ட.”

“சரி, எத்தினி மணிக்குக் கடிச்சிது? கண்ணு மங்குதாம்மா? எச்சி முழுங்க முடியுதா?”

கேள்விகள் அந்த வரிசையில் வந்ததற்குக் காரணம் உண்டு. நாகமும் கட்டுவிரியனும் நரம்பைத் தாக்கும். இமை தொங்கும், விழுங்க முடியாமல் போகும், மூச்சு நிற்கும். கண்ணாடி விரியனும் சுருட்டை விரியனும் ரத்தத்தை உறையவிடாமல் செய்யும். சாக்கில் இருந்தது கண்ணாடி விரியன்தான் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தும், பணி மருத்துவர் சாக்கைத் திறக்கச் சொல்லவில்லை. நம் நாட்டில் தரும் நஞ்சுமுறி மருந்து இந்த நான்கு பாம்புகளுக்கும் பொதுவானது. பாம்பைத் தேடி அடிக்கச் செலவாகும் நேரத்தில் இன்னொருவர் கடிபடுவதும் உண்டு என்று அவர் பிறகு சொன்னார்.

புதிய, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் இரண்டு மில்லி ரத்தம் எடுத்து அசைக்காமல் நிறுத்தினார் செவிலியர். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக் கையிலேயே நேரத்தை எழுதிக்கொண்டார். இருபது நிமிடம். குழாய் பிளாஸ்டிக்காக இருந்தாலோ சோப்புப் போட்டுக் கழுவியதாக இருந்தாலோ நல்ல ரத்தமும் உறையாமல் ஏமாற்றும் என்பதால், இதற்கென்றே சில புதுக் குழாய்களை இழுப்பறையில் தனியாக வைத்திருக்கிறார்கள். பெரிய இயந்திரம் எதுவும் வேண்டாத, ஆனால் இருபது நிமிடம் ஒருவர் அதைவிட்டு நகராமல் நிற்க வேண்டிய சோதனை இது. நேரம் முடிந்து குழாயைச் சாய்த்தபோது ரத்தம் தண்ணீர் மாதிரி ஓடியது.

பத்துக் குப்பி நஞ்சுமுறி மருந்து சலைனில் கலந்து ஏறத் தொடங்கியது. ஒவ்வாமை வந்தால் போட அட்ரினலின் ஊசியில் ஏற்றித் தயாராகப் பக்கத்தில் இருந்தது. கயிற்றை வந்தவுடன் அவிழ்க்கவில்லை. கட்டுக்குக் கீழே தேங்கிய நஞ்சு ஒரேயடியாக மேலேறிவிடும் என்பதால் மருந்து உள்ளே போன பிறகே மெல்லத் தளர்த்தினார்கள். கயிறே கட்டாமல், காலை அசைக்காமல் கொண்டுவந்திருந்தால் அந்தக் கால் இவ்வளவு கறுத்திருக்காது. ஊர்தோறும் சொல்லியும் இந்தக் கயிறு மட்டும் போகவில்லை. ஆறு மணி நேரம் கழித்துச் செய்த மறுசோதனையிலும் ரத்தம் உறையவில்லை. சிறுநீரும் குறைந்திருந்தது. கண்ணாடி விரியன் கடியில் சிறுநீரகம் பழுதாவதை எதிர்பார்த்தே இருக்க வேண்டும். அடுத்த தவணை மருந்தைத் தொடங்கி, விடிவதற்குள் ஆம்புலன்சில் ஜிப்மருக்கு அனுப்பினார்கள். கடித்த நேரம், வந்த நேரம், போட்ட குப்பிகள், இரண்டு சோதனைகளின் முடிவுகள் எல்லாம் பரிந்துரைக் கடிதத்தில் இருந்தன.

இந்தியாவில் 2000 முதல் 2019 வரை பாம்புக்கடியால் சுமார் 12 லட்சம் பேர் இறந்திருக்கிறார்கள். ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர். இவற்றில் பெரும்பாலானவை கிராமங்களில் நேர்ந்தவை. தமிழ்நாடு அரசு 2024 நவம்பரில் பாம்புக்கடியை அரசுக்குக் கட்டாயம் அறிவிக்க வேண்டிய ஒன்றாக ஆக்கியது. நல்ல முடிவு அது. ஆனால் அந்த ஆணை தமிழ்நாட்டு மருத்துவமனைகளைத்தான் கட்டும். இந்தப் பெண்ணைக் கடலூர் மாவட்டத்து வரப்பில் பாம்பு கடித்தது, புதுச்சேரி மையத்தில் மருந்து ஏறியது, மத்திய அரசின் மருத்துவமனையில் சிறுநீரகச் சிகிச்சை நடந்தது. அவருடைய ஊர்ப்பக்கத்துச் சுகாதார நிலையத்துக்கு அந்த வரப்பில் கண்ணாடி விரியன் நடமாடுவது பதிவேட்டின் வழியாகத் தெரியவர எந்த வழியும் இல்லை. அவர் பிழைத்தார். கால் புண்ணுக்குக் கட்டுப்போட மறுபடியும் மையத்துக்கே வந்தார்.

இரண்டு பக்கத்து மாத்திரை

சர்க்கரை, ரத்த அழுத்த நோயாளிகளின் நாள் வேறு விதமானது. காலை ஏழரைக்கே மஞ்சள் பையோடு வரிசையில் நிற்பவர்களில் பாதிக்கு மேல் அறுபதைத் தாண்டியவர்கள். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5 அன்று மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் தொடங்கி, மாத்திரைகள் வீடு தேடி வரத் தொடங்கியபோது, அந்தாண்ட ஊர்க் கூட்டம் குறைந்துவிடும் என்று மையத்தில் எதிர்பார்த்தார்கள். குறையவில்லை. வீட்டுக்கு வருவதையும் வாங்கிக்கொண்டு, பழக்கத்தை விடாமல் இங்கேயும் வந்தார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஏதாவது ஒரு பக்கம் ஒரு மாதம் மாத்திரை இல்லாமல் போன அனுபவம் அவர்களுக்கு உண்டு, இரண்டு பக்கமும் வைத்திருப்பது அவர்களுடைய காப்பீடு.

சிக்கல் என்னவென்றால், அட்டையின் நிறமும் கம்பெனியும் மாறும்போது அதை வேறு மருந்து என்று நினைத்துவிடுகிறார்கள். ஒரு பெரியவர் வீட்டுக்கு வந்த கிளிமிபிரைடு என்ற சர்க்கரை மாத்திரையையும் இங்கே வாங்கிய கிளிமிபிரைடையும் இரண்டு வெவ்வேறு மாத்திரை என்று நினைத்துக் காலையில் இரண்டையும் விழுங்கிவிட்டு, சாப்பாட்டுக்கு நேரமானதில் வேர்த்து விறுவிறுத்துத் திண்ணையில் சாய்ந்துவிட்டார். சர்க்கரைத் தண்ணீர் கொடுத்து எழுப்பிக் கூட்டிவந்தார்கள். இன்னொரு சர்க்கரை மாத்திரையான மெட்ஃபார்மின் இரட்டிப்பானால் வயிற்றோடு போகும். கிளிமிபிரைடு இரட்டிப்பானால் சர்க்கரை தாழ்ந்து உயிருக்கே ஆபத்தாகும்.

மையத்தின் மருந்தாளுநர் இதற்குக் கண்ட வழி எந்தச் சுற்றறிக்கையிலும் இல்லை. “தாத்தா, வீட்டுல இருக்கிற எல்லா அட்டையையும் பையோட கொண்டாங்க” என்கிறார். பையை அப்படியே மேசையில் கவிழ்த்து, ஒரே மருந்தின் அட்டைகளைச் சேர்த்து ரப்பர் பேண்டு போட்டு, “இது முடிஞ்சப்புறம்தான் இது” என்று சொல்லிக் கொடுக்கிறார். புதிதாகத் தருவதற்கு ஒன்றும் இல்லாத மாதங்களில் தருவதில்லை. வரிசை நகரத் தாமதமாகிறது, பின்னால் நிற்பவர்கள் முணுமுணுக்கிறார்கள். இருந்தாலும் இரண்டு அரசுகளின் கணினிகளும் பேசிக்கொள்ளாத இடத்தில், இருக்கும் ஒரே ஒத்திசைவு அந்த ரப்பர் பேண்டுதான்.

தாய்வீடு இருக்கும் திசை

பெண் கொடுத்து எடுக்கும் உறவு எல்லை பார்த்து நடப்பதில்லை. வளைகாப்பு முடிந்து ஏழாம் மாதத்திலோ ஒன்பதாம் மாதத்திலோ தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு வரும் பெண், சாலையின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு வருகிறாள். அவள் உறவினருக்கு அது இரண்டு கிலோமீட்டர். நிர்வாகத்துக்கு அது மாநிலம் விட்டு மாநிலம். தமிழ்நாட்டில் கர்ப்பத்தைப் பதிந்தவுடன் பிக்மி என்ற பதிவு எண் கிடைக்கிறது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவியின் பணமும் ஊட்டச்சத்துப் பெட்டகங்களும், மொத்தம் 18,000 ரூபாய் மதிப்புக்கு, அந்தப் பதிவை ஒட்டியே தவணை தவணையாக வருகின்றன. கடைசி மூன்று பரிசோதனைகளை இந்த மையத்தில் செய்துகொள்ளும் பெண், அந்த விவரத்தைப் புகுந்த வீட்டுப் பக்கத்துக் கிராம சுகாதார செவிலியரிடம் கொண்டுபோய்ப் பதிவேற்றிக்கொள்ள வேண்டும். நிறைமாதத்தில் அவளால் முடியாது, மாமியார் சீட்டை எடுத்துக்கொண்டு போகிறார்.

பிறப்புச் சான்றிதழில் வேறொரு திருப்பம். 1969ஆம் ஆண்டுச் சட்டப்படி குழந்தை எங்கே பிறந்ததோ அங்கேதான் பதிவு. மையத்தில் பிறந்தால் கொம்யூன் பஞ்சாயத்து. சிக்கலாகி ஜிப்மருக்குப் போய்ப் பிறந்தால், அது கோரிமேட்டில் இருப்பதால் உழவர்கரை நகராட்சி. கடலூர், விழுப்புரம் மாவட்டங்களில் தலைமுறையாக வாழும் எத்தனையோ பேரின் பிறந்த ஊர் காகிதத்தில் உழவர்கரைதான். பள்ளியில் சேர்க்கும்போது எழும் முதல் கேள்வியும் அதுதான்.

அறுவை சிகிச்சை தேவைப்படும் பிரசவங்களை மையம் வைத்துக்கொள்வதில்லை. மயக்க மருந்து நிபுணரும் ரத்த இருப்பும் இல்லாத இடத்தில் காத்திருந்து பார்ப்பது ஆபத்து என்பதில் பணியாளர்களுக்குத் தெளிவு இருக்கிறது. எப்போது அனுப்ப வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியும். எங்கே அனுப்புவது என்பதில்தான் ஒவ்வொரு முறையும் பேச்சு. எல்லைப்பிள்ளைச்சாவடியில் உள்ள அரசு மகளிர், குழந்தைகள் மருத்துவமனையா, ஜிப்மரா, கடலூர் அரசுத் தலைமை மருத்துவமனையா என்பதை மருத்துவக் காரணத்தோடு, யார் துணைக்கு இருக்கப்போகிறார்கள், அவர்களுக்கு எந்தப் பேருந்து வசதி என்பதும் சேர்ந்தே முடிவு செய்கிறது.

நாய்க்கடி பற்றி ஒரு வரி போதாது, இரண்டு சொல்கிறேன். வெறிநாய்க்கடித் தடுப்பூசியைத் தோலுக்குள் போடும் முறையில் 0, 3, 7, 28ஆம் நாள்கள், தசையில் போடும் முறையில் அவற்றோடு 14ஆம் நாளும் உண்டு. ஒரு பக்கம் தொடங்கிய ஊசியை மறுபக்கம் தொடரும்போது முறை மாறிவிட்டால் நாள்கணக்கு குழம்பும் என்பதால், மையத்தில் சீட்டின் தலைப்பிலேயே முறையைச் சிவப்பு மையில் பெரிதாக எழுதி அனுப்புகிறார்கள்.

வெள்ளமும் இருப்புக் கணக்கும்

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறியபோது சாலையெங்கும் மரம் விழுந்து ஆம்புலன்ஸ் நகர முடியவில்லை. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரியை ஒட்டிக் கரை கடந்து, அடுத்தடுத்த நாள்களில் சாத்தனூர் அணையிலிருந்து திறந்த நீர் தென்பெண்ணையில் வந்து சேர்ந்தபோது, பாகூர்ப் பக்கத்து ஊர்களையும் கடலூர்ப் பக்கத்து ஊர்களையும் ஒரே தண்ணீர்தான் சூழ்ந்தது. அந்த மாதிரி வாரங்களில் சேற்றில் நடந்தவர்களுக்கு எலிக்காய்ச்சல் தடுப்பு மாத்திரை, ஓ.ஆர்.எஸ். பொட்டலம், குளோரின் எல்லாம் கொடுத்தாக வேண்டும். அப்போது சீட்டே எழுதுவதில்லை. ஊர் கேட்பதும் இல்லை.

ஆய்வின் முடிவில் மருத்துவ அலுவலரிடம் நான் கேட்டது, அந்தாண்ட ஊர்க்காரர்களுக்கென்று மையத்துக்குத் தனியாக எதுவும் கிடைக்கிறதா என்பது. செவிலியர் பணியிடம் மக்கள்தொகைக் கணக்கில் வருவதால் அதில் கிடைப்பதில்லை. படுக்கையிலும் இல்லை. நஞ்சுமுறி மருந்துக்கான தேவைப் பட்டியலை எடுத்துக் காட்டினார். அதில் மக்கள்தொகை என்ற கட்டமே கிடையாது. போன ஆண்டு எத்தனை குப்பி செலவானது என்ற கட்டம் மட்டும் இருக்கிறது. அந்தப் பெண்ணுக்கு அன்றிரவு உடைத்த குப்பிகளும் அதில் கூட்டப்பட்டிருந்தன. வரும் ஆண்டுக்கு அவர் கேட்டிருந்த எண்ணிக்கை முந்தைய ஆண்டைவிடக் கூடுதலாக இருந்தது.